ப்ராசசர் மாற்றித் தருகிறேன் என்றேனே, மரகதம்

என் மரகதத்துக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் கை போகிறது. கேட்டால் நீயே சிரிப்பாய். முப்பத்தொரு வருஷத்தில் உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எழுதும்படி நாம் எப்போது பிரிந்திருந்தோம்? போடியில் உன் அண்ணன் வீட்டுக்குப் போனாலும் மூன்றாம் நாள் கடைசி ஜீப்பில் திரும்பி வந்துவிடுவாய். இந்தத் தடவை போய்ப் பதினொரு மாதம் ஆகிறது.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. சாந்தன்பாறைக்கு மேலே மூன்று நாளாக மலையே தெரியவில்லை. உன் செருப்பில் பூசணம் பூத்திருந்தது. துடைத்து வைத்தேன், மறுநாள் மறுபடி பூத்துவிட்டது. கோழிகளில் இரண்டுதான் மிச்சம். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு பார்க்கிற வேலை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வேலை முடிந்து வந்தால் வீட்டில் பேச்சுக்கு ஆளில்லை. சுவரில் இருக்கிற பல்லிகூட என்னைப் பார்த்து அலுத்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன்.

நோட்டீஸ் கேட்டு ஆட்கள் இன்னும் வருகிறார்கள். மலையாளம் அடிக்கிற டவுன் பிரஸ்ஸில் தமிழ் சரியாக வராது என்று காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை, சாவு, எல்லாவற்றுக்கும் இந்த மலை உன்னிடம்தானே வந்தது. முட்டி வலி வந்து நீ காட்டு வேலையை விட்ட பிறகு, கல்யாணத்துக்கு முன்னால் படித்த டைப்ரைட்டிங் உனக்குக் கை கொடுத்தது. "மரகதக்காதான் இல்லையே" என்று அவர்களே சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் வாசலில் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள். நானும் நிற்கிறேன். பிறகு அவர்கள் போய்விடுகிறார்கள்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். உன் சாவு நோட்டீஸை டவுனில்தான் அடித்தோம். அதில் மெழுகுவர்த்தி போட்டுவிட்டார்கள். "நான் செத்தா என் நோட்டீஸ்ல மட்டும் மெழுகுவர்த்தி போட்டுறாதீங்க, நாம என்ன கரண்டு இல்லாமலா இருக்கோம்" என்று நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய். அன்றைக்கு அதைக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை. டீக்கடைச் சுவரில் ஒட்டிய பிறகுதான் பார்த்தேன். மழை வந்து அதைக் கரைக்கும்வரை அந்தப் பக்கம் தலை நிமிராமல் நடந்தேன்.

அடுத்த மாதம் உனக்கு வருஷம் திரும்புகிறது. இந்த நோட்டீஸையாவது உன் லேப்டாப்பில், என் கையால் அடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பட்டனை அமுக்கினேன். சோறு வடித்து, ரசம் வைத்து, துணியை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு எழுத்து அடித்தால் அது யோசித்து யோசித்து வந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. "இந்த ப்ராசசர் பழசாயிருச்சுங்க, மாத்திக் குடுங்க" என்று நீ கேட்டாயே. முதல் தடவை கேட்டபோது காய் விலை விழுந்திருந்தது. இரண்டாம் தடவை நம் மகள் கவிதாவின் பிரசவம். மூன்றாம் தடவை எனக்கே காரணம் நினைவில்லை. மூன்று தடவையும் "அடுத்த பறிப்புக்கு மாத்திரலாம்" என்றேன். நீயும் சரி என்று தலையை ஆட்டினாய். நகை கேட்டாயா, புடவை கேட்டாயா? வாழ்க்கையில் நீ வாய் திறந்து கேட்ட ஒரே பொருள் அது. அதைக்கூட நான் தரவில்லை.

மாப்பிள்ளை செந்திலுக்குப் போன் போட்டேன். லேப்டாப் அவர் பழசாக்கி உனக்குத் தந்ததுதானே, விவரம் தெரியும் என்று. சித்தூரிலிருந்து அவர் குரல் எப்போதும்போலக் கத்தியது. பாலக்காட்டு வெயிலில் நின்றுகொண்டு பேசினால் குரலே உரத்துத்தான் வரும்போலிருக்கிறது.

"ஏனுங் மாமா, அது நான் காலேஜ்ல வெச்சிருந்ததுங். அந்தப் பொட்டிக்குப் போயி எதுக்குங் செலவு? நான் புதுசு ஒண்ணு வாங்கியாறனுங்."

"புதுசு வேண்டாம் மாப்ள. இதுலதான் அவ அடிச்சா."

அவர் அந்தப் பேச்சை விட்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "வருசம் முடிஞ்சதும் இங்க நம்மூட்டுக்கே வந்துருங் மாமா. கவிதா தெனமும் உங்களப் பத்தித்தான் பேசறா" என்றார். பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். நல்ல மனுஷன். ஆனால் அவருக்கு எப்படிச் சொல்வது, எனக்கு இப்போது வேண்டியது இந்தப் பெட்டிக்கு ஒரு ப்ராசசர் மட்டும்தான் என்று?

பூப்பாறையில் பினோயின் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். உன் பழைய நீலப் புடவைத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டேன். பினோய் திருப்பிப் பார்த்தான்.

"இந்த மாடல்ல ப்ராசசர் கழட்டி மாத்தலாம் சுப்பையாண்ணா. இப்ப வர்றது எல்லாம் போர்டோட சேர்ந்தே வரும், மாத்த ஒக்காது. இதுக்குப் பொருந்துறது ஒண்ணு என்கிட்ட இருக்கு, வேற லேப்டாப்ல இருந்து எடுத்தது. இதவிட ஜோரு."

"அப்ப போடு."

"நில்லுங்க. அதுக்குச் சூடு கூடுதல். பேட்டரி சீக்கிரம் தீரும். பின்ன, இந்த போர்டு அத ஒத்துக்கலன்னா ஸ்கிரீன் கறுத்துப் போயிரும், திரும்ப இத எடுத்து அதே எடத்துல வெக்கணும்."

"அவ அடிச்சதெல்லாம் அழிஞ்சிருமா?"

"அது வேற எடத்துல இருக்கு. அதுக்கு ஒண்ணும் வராது."

உயிர் வந்தது எனக்கு. எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, போடு என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். பெருமை பேசினேன். "ஏழு மழைக்காலம் பாத்த பெட்டி பினோயி. ஒரு பூசணம் இருக்கா பாரு. மழை தொடங்குனா பொழுது சாய ஸ்டோருக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். காய் உலர்த்துற ரூம்ல மேல் தட்டுல வெச்சிருவேன். காலையில கொண்டாந்து குடுத்துருவேன். ஈரம் அண்டவே விட்டதில்ல."

பினோய் பெட்டியைக் கவிழ்த்து வைத்தான். குனிந்து திருகாணிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "சனியாழ்ச்ச வாங்கண்ணா. முதல்ல தொறந்து பாக்கறேன். ப்ராசசர் வேணுமா வேண்டாமான்னு அன்னைக்குச் சொன்னாப் போதும்" என்றான்.

வேண்டுமா வேண்டாமா என்று இனி யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

சனிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. மேஜை காலியாகக் கிடந்தது. லேப்டாப் இருந்த இடத்தில் மட்டும் மரம் நிறம் மாறாமல் சதுரமாகத் தெரிந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அடுப்படியிலேயே சாப்பிட்டேன். மரகதம், அந்த நான்கு நாளில் எனக்கு எது நினைவுக்கு வந்தது தெரியுமா?

காலையில் நான் பெட்டியைக் கொண்டுவந்து வைத்ததும் நீ பட்டனை அமுக்குவாய். அது திறக்கக் கால் மணி நேரம் ஆகும். "அது முழிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இரண்டு தம்ளரில் கட்டஞ்சாயா போட்டு எடுத்துவந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருவாய். ராத்திரி முழுக்க அடுப்பு பார்த்துவிட்டு வந்த எனக்கு நீ ஊர்க்கதை சொல்வாய். யார் வீட்டில் மாப்பிள்ளை பெயரை மாற்றி அடிக்கச் சொன்னார்கள், யார் சாவு நோட்டீஸில் எந்தச் சித்தப்பாவை விட்டுவிடச் சொன்னார்கள், எல்லாம் தெரியும் உனக்கு. நாளில் நீ என் பக்கத்தில் சும்மா உட்காருகிற நேரம் அது ஒன்றுதான். பிறகு 'டிங்' என்று அந்தச் சத்தம் வரும். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விடுவாய். அந்தச் சத்தத்தை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. உன்னிடம் இதைச் சொன்னதில்லை.

இப்போதெல்லாம் சாயாவை அடுப்படியில் நின்றுகொண்டே குடித்துவிடுகிறேன்.

சனிக்கிழமை போனேன். பினோய் பெட்டியைத் திறந்து, கீபோர்டைக் கழற்றி வைத்திருந்தான். "இங்க வாங்கண்ணா" என்றான். உள்ளே ஒரு சின்ன விசிறி. அதன் வாயிலிருந்து குறட்டால் எதையோ பிடித்து இழுத்தான். கம்பளித் துண்டு மாதிரி தூசி முழுசாக வந்தது. வந்ததும் கடை முழுக்க ஏலக்காய் வாசம். போன் ரிப்பேருக்காகக் காத்திருந்த ஒரு பொம்பளை திரும்பிப் பார்த்து, "யாருங்க இங்க டீ வெக்கிறது?" என்றாள்.

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. காய்ந்த காயைத் தேய்க்கும்போது பறக்கிற தூசி அது. நாற்பது வருஷம் என் சட்டையில் ஒட்டியிருக்கிற தூசி. எனக்குத் தெரியாதா?

"ப்ராசசருக்கும் மேல இருக்கிற தகட்டுக்கும் நடுவுல ஒரு பசை உண்டு. சூட்டக் கடத்தி விடறதுக்கு. அது காஞ்சு பொடியாயிருச்சு. விசிறியும் சுத்தல. சூடு தாங்க முடியாம ப்ராசசர் தானே தன்ன மெதுவாக்கிக்கிச்சு. அதுக்குக் கேடு ஒண்ணும் இல்ல அண்ணா. மெதுவாகாம இருந்தாத்தான் கேடு."

"சூடு எப்படி..." என்று கேட்க வாயெடுத்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

பச்சை மாறாமல் காய் உலர எவ்வளவு சூடு வேண்டும் என்று கதவில் கை வைத்தே சொல்கிறவன் நான். எஸ்டேட் மேனேஜரே தெர்மாமீட்டரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பார். அப்பேர்ப்பட்டவன் ஏழு மழைக்காலமாக உன் பெட்டியைக் காயோடு காயாக வைத்து உலர்த்தியிருக்கிறேன். ஈரத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். வெட்கத்தில் காது சுட்டது.

"நான்தாண்டா பினோயி. அவளுக்குத் தெரிஞ்சிருந்தா என்னைய உண்டு இல்லன்னு ஆக்கியிருப்பா" என்றேன்.

அவன் குறட்டைக் கீழே வைத்தான். "சேச்சிக்குத் தெரியும் அண்ணா."

மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ அங்கே வந்தாயாம். ரேஷன் பையில் பெட்டியைப் போட்டு எடுத்து வந்தாயாம். அன்றைக்கு என்னிடம் முட்டிக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு "சூடு ஆகாதாம்" என்றாய். நான் அன்றைக்கு வெந்நீர் ஒத்தடத்தை நிறுத்தினேன்!

பினோய் அப்போதே திறந்து, துடைத்து, பசை போட்டுத் தந்தானாம். இனிமேல் ஸ்டோரில் வைக்க வேண்டாம் என்று சேட்டனிடம் சொல்லுங்கள் என்றானாம். அதற்கு நீ சொன்னதை அவன் உன்னை மாதிரியே சொல்லிக் காட்டினான். மலையாளி வாயில் உன் பேச்சைக் கேட்டேன், மரகதம்.

"அவுக அதத் தூக்கிட்டு மழையில ஸ்டோருக்குப் போறதப் பாத்திருக்கியா பினோயி? குடைய அதுக்குப் புடிச்சிட்டு, அவுக நனைஞ்சிட்டுப் போவாக. அந்த மனுசங்கிட்ட, நீங்கதான் கெடுத்தீகன்னு நான் எப்படிச் சொல்ல? வேண்டாம். ப்ராசசர் பழசாயிருச்சுன்னு சொல்லிக்கிறேன். பழிய அது வாங்கிக்கிரட்டும்."

நான் அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். போன் ரிப்பேருக்கு வந்த அந்தப் பொம்பளை வெளியே போய் நின்றுகொண்டாள். நல்லவள்.

பினோய் மெதுவாகக் கேட்டான். "அப்ப ப்ராசசர் போடணுமா அண்ணா? போடச் சொன்னா இப்பவே போடறேன். நோட்டீஸ் அடிக்க இருக்கிறதே தாராளம்."

அவன் எடுத்துக் காட்டிய ப்ராசசர் ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை. பச்சை நிறத்தில், அடியில் ஊசி ஊசியாக. இதை வாங்கித் தராமல் விட்டேனே என்றுதான் இத்தனை நாளும் என்னை நானே அறுத்துக்கொண்டிருந்தேன். இதைப் போட்டுவிட்டால் கொடுத்த வாக்கு நிறைவேறிவிடும், கொஞ்சம் தூக்கம் வரும் என்று நினைத்திருந்தேன். நீ இதைக் கேட்கவே இல்லை என்று ஆன பிறகு இதைப் போட்டு யாருக்கு நான் வாக்கைக் காப்பாற்றுவது? உள்ளே இருக்கிற பழசோ என் பழியை மூன்று வருஷம் சுமந்திருக்கிறது. அதைக் கழற்றிப் போட எனக்கு மனசு வரவில்லை.

"இருக்கிறதே இருக்கட்டும். அதத் தொடாத" என்றேன்.

"ஈரத்துக்கு என்னடா பண்ண?" என்று கிளம்பும்போது கேட்டேன். இந்தத் தடவை கேட்டுக்கொண்டேன், பார்த்தாயா.

"ஒண்ணும் வேண்டாம் அண்ணா. தெனமும் ஆன் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓட விடுங்க. அதோட சூடே அதுக்குப் போதும். சும்மா மூடி வெச்சாத்தான் கெடும்."

ஜீப்பில் திரும்பும்போது உன்மேல் கோபம் கோபமாக வந்தது. முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவனிடம் சொல்லாததைப் பூப்பாறையில் கடை வைத்திருக்கிறவனிடம் சொல்லியிருக்கிறாயே. நான் என்ன உடைந்தா போயிருப்பேன்? ஒரு நாள் முறைத்துக்கொண்டு திரிந்திருப்பேன், மறுநாள் சரியாகியிருப்பேன். இன்னும் எதையெல்லாம் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாய்? நீ போன அன்றைக்குக் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது "ஒண்ணுமில்ல, வாயு" என்றாயே. அதுவும் என் முகம் வாடக்கூடாது என்றுதானா? இதற்கு நீ பதில் சொல்ல மாட்டாய். சொன்னாலும் நான் கேட்கத் தயாராக இல்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியை மேஜையில் அதன் சதுரத்தில் வைத்தேன். பட்டனை அமுக்கிவிட்டு அடுப்படிக்குப் போனேன். தண்ணீர் கொதிக்கவில்லை. சர்க்கரை டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். 'டிங்' என்றது.

இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்று அழுதேன். நீ போன அன்றைக்கு ஊரே கூடியிருந்தது, அழ வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை அடைமழை, யாருக்குக் கேட்கப்போகிறது? நன்றாக அழுதேன்.

அழுது முடித்த பிறகு ஒன்று தோன்றியது. உன்னைக் கேட்கத்தான் இந்தக் கடிதமே. நீ என்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் பினோய் துடைத்துத் தந்த வேகம் பெட்டிக்கு அப்படியே நின்றிருக்கும். பட்டனை அமுக்கியதும் நீ அதன் முன்னால் போய் உட்கார்ந்திருப்பாய். சாயாவுக்கும் பெஞ்சுக்கும் நேரம் இருந்திருக்காது. மரகதம், என் மனசு நோகும் என்றுதான் சொல்லவில்லையா? அல்லது அந்தக் கால் மணி நேரம் உனக்கும் வேண்டியிருந்ததா?

உன் வருஷ நோட்டீஸை அடித்துவிட்டேன். ஒற்றை விரலில் நான்கு நாள் ஆனது. கவிதா கல்யாணத்தில் எடுத்த படத்தைத்தான் வைத்திருக்கிறேன், நீ பந்தியைப் பார்த்து யாரையோ அதட்டுகிற படம். மெழுகுவர்த்தி கிடையாது. அந்த இடத்தில் என்ன வைப்பது என்று தெரியாமல் வெறுமனே விட்டுவிட்டேன். நேற்று கோயில் கொடை நோட்டீஸ் கேட்டு இரண்டு பேர் வந்து வாசலில் நின்றார்கள். "மரகதக்கா இல்லையே" என்று ஆரம்பித்தார்கள். "உக்காருங்கப்பா, நான் அடிச்சுத் தாரேன், நாலு நாள் ஆகும்" என்றேன். சித்தூருக்கு இப்போதைக்கு வரவில்லை என்று மாப்பிள்ளைக்கும் சொல்லிவிட்டேன். கவிதா கோபித்துக்கொண்டாள். போகப்போகச் சரியாகிவிடுவாள், உன் பெண்தானே.

இந்தத் தடவை அடுத்த பறிப்புவரை தள்ளிப்போடுகிற வாக்கு இல்லை. இன்றைக்கே தொடங்கிவிட்டேன். தினமும் காலையில் பட்டனை அமுக்குவேன். சாயா போட்டு எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்காருவேன், நின்றுகொண்டு குடிக்க மாட்டேன். பாதியில் 'டிங்' என்று கூப்பிடும். கூப்பிடட்டும், எழுந்திருக்க மாட்டேன். இத்தனை வருஷம் அதற்காக நாம் காத்திருந்தோம் அல்லவா? சாயா தீரும்வரை இனி அது நமக்காகக் காத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
குடையை எதற்குப் பிடிக்க வேண்டும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்ட
உன் வீட்டுக்காரன்,
சுப்பையா